ஒன்பதாவது கட்டம்

எதுவும் கோணலாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. விருந்தாளியாகப் போன வீட்டில்கூட வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். "உன்ற கை சும்மாவே இருக்காதா கண்ணு?" என்று அம்மா திட்டுவார். இந்தக் குணத்துக்குத்தான் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

இசை வாசிக்கிறவர்களுக்கான செயலி செய்கிற கம்பெனி அது. அமெரிக்காவின் மலைப்பக்கத்து ஜனங்கள் பாஞ்சோ, ஃபிடில், கிட்டார் எல்லாம் வைத்துக்கொண்டு வேகமாக வாசிக்கும் புளூகிராஸ் மெட்டுகள் எங்கள் பிரிவு. மெட்டு ஓடும்போது கிட்டார்காரர் எங்கே எந்தக் கார்டை, அதாவது எந்தச் சுரக்கூட்டை, பிடிக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகக் காட்டும் சார்ட்டுகளைத் தயாரிக்கிறோம். ஒரு கட்டம் என்றால் காலால் இரண்டு தட்டு. வரிசைக்கு நான்கு கட்டம். மேடையில் நின்று வாசிக்கிறவருக்கு ஒரே பார்வையில் தெரியும்படி அவற்றை அடுக்குவது என் வேலை.

கேட்டு எழுதுவது சசிதர் வேலை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுற்றி காயில் கட்டிக்கொண்டிருந்தவர். செல்போனைப் பார்த்தே கிட்டார் கற்றுக்கொண்டவர். மூன்று மாத ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். தவறில்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம். ஒவ்வொரு மெட்டையும் மூன்று முறை கண்ணை மூடிக் கேட்பார், நான்காவது முறை எழுதுவார். நான்கூடக் கிண்டல் செய்வேன், "என்னங்ணா, தூங்கிட்டீங்களா?" என்று. சிரித்துக்கொண்டே தொடையில் தாளம் போடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் எழுதிய ஒரு ஃபிடில் மெட்டு என்னிடம் வந்தது. இந்த மெட்டுகளில் பெரும்பாலும் ஒரு பாதிக்கு எட்டுக் கட்டம். இரண்டு வரிசையில் அழகாக உட்கார்ந்துவிடும். இதில் பின்பாதிக்கு ஒன்பது. அந்த ஒன்பதாவது கட்டம் மட்டும் மூன்றாவது வரிசையில் தனியாகத் தொங்கியது. அதற்கு முந்தைய எட்டாவது கட்டமும் ஜி கார்டு, இதுவும் ஜி கார்டு. கைதவறி இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அவர் மூன்று நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அழித்துவிட்டு அனுப்பினேன். திரை பார்க்க லட்சணமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த சார்ட்டை நம்பி மேடையேறிய ஒரு குழு, நடுவில் ஆளுக்கொரு இடத்தில் நின்று, மெட்டைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது. அந்த மெட்டில் ஒரு கட்டம் கூடுதல், அதுதான் அதன் அழகே என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரி இது: இதை எழுதியவர் இந்த மெட்டை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சார்ட்டின் அடியில் சசிதர் பெயர்தான் இருக்கும். அடுக்குகிறவர் பெயர் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

சசிதர் அனுப்பிய பழைய பிரதியை என் கணக்கிலிருந்துதான் திறக்க முடியும். திறந்தேன். ஒன்பது கட்டமும் இருந்தன.

மேலாளர் வெங்கடபதி கூட்டம் போட்டார். அவர் கத்துகிற ஆளில்லை. மின்னஞ்சலைச் சத்தமாகப் படித்துவிட்டு, "என்னங்க சசிதர், எப்படி ஆச்சுங்க இது?" என்று மட்டும் கேட்டார்.

சசிதர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டுன்னுதானுங்க போட்டிருக்குது. எனக்குத்தான் காது தப்பிருச்சாட்ட இருக்குதுங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்தார்கள். அவரே ஒப்புக்கொண்ட பிறகு நான் ஏன் முந்த வேண்டும் என்று என் மனம் எனக்கே வக்கீலாகிப் பேசியது. குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். சசிதரின் ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிந்தது, வேலையை நிரந்தரமாக்கவில்லை. போகும்போது என் மேசைக்கு வந்து, "வாரேனுங்க அம்மணி. என்னால உங்களுக்கும் செரமம்," என்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துப்பில்லை.

பதினோரு நாள் தாக்குப்பிடித்தேன். பன்னிரண்டாம் நாள் வெங்கடபதி அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "சார்ட்டைத் திருத்திப்போடுங்க. அவரைத் திரும்பக் கூப்பிடுங்க. நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க, அதுதான் முறை," என்றார்.

அன்றைக்கே பெரியநாயக்கன்பாளையம் போனேன். பழைய பட்டறையிலேயே சசிதர் சேர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொல்லப் போனவரை நிறுத்தி, நின்றபடியே சொன்னேன்.

"நீங்க ஒம்பதுதானுங்ணா எழுதியிருந்தீங்க. நாந்தான் ஒன்ன அழிச்சேன். அன்னைக்கு மீட்டிங்லயே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் மோட்டார் மூடியைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"ஊட்டுக்குப் போய் ஒரு வாரம் அதையே கேட்டேனுங்க," என்றார். "எட்டுத்தான் வந்துச்சுங்க. அப்பவும் எங்காதுல எட்டுத்தான் உழுந்திருக்கும், அதையேதான் எழுதிப்போட்டிருக்கேன்னு இருந்துட்டேன்."

"இல்லைங்ணா. இப்பக் கேளுங்க."

செல்போனில் அந்த மெட்டை ஓடவிட்டு ஒலியைக் கூட்டினேன். பின்பாதி வந்ததும் நான் வாய்விட்டு எண்ணினேன். அவர் கண்ணை மூடவில்லை. அவர் கால் என் எண்ணிக்கைக்குத் தட்டிக்கொண்டே வந்து, எட்டு முடிந்ததும் நின்றது. நான் ஒன்பது என்றேன். திரும்ப ஓடவிட்டேன். இந்த முறையும் எட்டோடு நின்று, அடுத்த சுற்றுக்குத் தப்பான இடத்தில் இறங்கித் தடுமாறியது. மூன்றாவது முறை கால் அசையவே இல்லை. அவர் மெட்டை விட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் கலங்கியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஆமாங்க அம்மணி," என்றார் மெதுவாக. "ஒம்பதுதானுங்க. இப்ப நல்லாக் கேக்குதுங்க."

எனக்காகச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வேலை அப்படியே இருக்கிறது, திங்கட்கிழமையே வரலாம் என்றேன்.

"பாக்கலாமுங்க," என்றார். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள். பிறகு எனக்கு டீ சொல்வதற்காக வெளியே போனார்.