கழுவிய ஜல்லி

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். அதிலிருந்து பிறந்தது.

முதல் தொடக்கம்: "2003 மார்கழியில் கொல்லிமலையில் அடித்த குளிரில் நாற்பது மீன்களும்..."

(வேண்டாம். குளிரின் மேல் பழி போடுகிறேன்.)

2

என் மனைவி மைதிலி இங்கே சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் கதை எழுதுகிறேன், அதாவது வீட்டில் இருக்கிறேன். பின்பக்கம் மூங்கில் நட்டு, பாலித்தீன் தாள் போர்த்திய கூடாரம் அவளுடையது. உள்ளே சிமெண்ட் தொட்டியில் ஜிலேபி மீன், பக்கத்தில் ஜல்லி நிரப்பிய தொட்டியில் கீரை. மீன் தண்ணீரை மோட்டார் ஜல்லிக்கு ஏற்றும். கீரை குடித்தது போக மிச்சம் மீனுக்கே திரும்பும். ஊரே சிரித்தது. நானும்தான்.

பனி இறங்கினால் மீன் தீனி எடுக்காது, கீரை பழுத்துவிடும். டியூட்டி முடிந்து கால் வீங்கி வருபவள், தொட்டியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள். ஒன்றரை மாதம் இப்படி. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

"இந்த வருசம் இது ஒண்ணாவது நான் நெனச்ச மாதிரி நடக்குதுங்க" என்றாள் ஒருநாள்.

3

பொங்கலுக்கு முன் அவளை நாமக்கல்லுக்கு ஐந்து நாள் ட்ரெயினிங்குக்குக் கூப்பிட்டார்கள். கொஞ்சமாகத் தீனி போடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் தொடக்கம்: "அவன் சோம்பேறி, ஆகவே அந்த வாரம்..."

(இதுவும் பொய். அந்த வாரம் நான் சோம்பியிருக்கவில்லை. அதுதான் வினையே.)

பக்கத்து வீட்டுச் சாமியாத்தாள் பொங்கலுக்கு வெள்ளையடித்து, பரணில் கிடந்த பானை வரைக்கும் இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கும் கை பரபரத்தது. மைதிலி வந்து அசந்துபோகட்டும் என்று ஜல்லியை அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டு, வழவழப்புப் போகத் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசித் திரும்பத் தொட்டியில் பரப்பினேன். பளிச்சென்று இருந்தது.

(அடிக்குறிப்பு: மீன் கழிவைக் கீரைக்கு உரமாக்கும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த வழவழப்பில்தான் இருந்தனவாம். அவை இல்லையென்றால் அந்தக் கழிவே மீனுக்கு விஷமாம். அவளுடைய நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாள். பிறகுதான் படித்தேன்.)

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. நான்காம் நாள் எல்லாம் மிதந்தன.

4

எங்கள் வீட்டில் போன் கிடையாது. அன்று சாயங்காலம் மைதிலி சென்றாயன் கடைக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, மீனு திங்குதுங்களா?"

"திங்குது கண்ணு."

"அப்பாடா" என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

5

எழுதி எழுதிக் களைத்துவிட்டேன். கைவசம் இருக்கும் முடிவுகள்:

அ) அவன் மலையிறங்கிப் போய் நாற்பது மீன் வாங்கி வந்து தொட்டியில் விடுகிறான். (வால் பாதி இல்லாத ஒன்று இருந்ததே, அதற்கு எங்கே போவது?)

ஆ) மோட்டார் பழுதாகிவிட்டது என்கிறான். (மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே வரைக்கும் கேட்கிறது.)

நான் எதை எழுதினாலும் முதலில் படித்துப் பிழை திருத்துகிறவள் மைதிலி. நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். இந்தத் தாள்களை மேசைமேல் வைத்துவிடப் போகிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"ஆகவே, வாசகரே" என்று ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன். மைதிலி, மீன் திங்கவில்லை. நான்தான் கொன்றேன்.

இ)

(இதை நீ எழுது. சிவப்புப் பேனா பக்கத்திலேயே இருக்கிறது.)