லப்டொப் எங்கை?

தவசீலனின் மானத்தை ஒரு வடை வாங்கியது. வேறு எவருக்காவது இது நடந்திருந்தால் அவரே முதல் ஆளாக விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

பாரிசுக்குப் பக்கத்தில், லெ பிளாங்-மெனிலில் ஒரு சாமத்திய வீடு, பெண்பிள்ளை பெரியவளான சடங்கு. மண்டபம் நிறையச் சனம். மேடை ஓரத்தில் தவசீலன் கோட்டும் சூட்டுமாக நின்று, ஒரு துள்ளல் பாட்டுக்குக் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பிள்ளையின் தாய் ஒரு கையில் வடைத் தட்டும் மறு கையில் தேநீருமாக மேடைக்கே ஏறி வந்துவிட்டார். நம்மவர்களின் உபசரிப்பு அப்படித்தான். வந்தவன் பசியோடு நிற்கிறானோ என்ற கவலையில், அவன் என்ன வேலையில் நிற்கிறான் என்று பார்க்க மாட்டார்கள். "சாப்பிடாமல் கொள்ளாமல் நிக்கிறியள், பிடியுங்கோ" என்று நீட்டினார். மறுத்தால் அந்தக் குடும்பம் சாகும்வரை முகம் கொடுத்துப் பேசாது. தவசீலன் ஒரு கையால் தட்டை வாங்கினார், மறு கையால் தேநீரை வாங்கினார்.

பாட்டு நிற்கவில்லை. நிற்காததோடு விட்டதா? அந்த இடம் பார்த்துத்தான் கீபோர்ட் மட்டும் தனியாக ஓடி விளையாடும் கட்டம் வந்தது. தவசீலன் வடையும் கையுமாக விழித்துக்கொண்டு நிற்க, யாரும் தொடாத கீபோர்ட் வெளுத்து வாங்கியது. வீடியோக்காரர் பக்கத்திலேயே வந்து, கமராவை வடையிலிருந்து கீபோர்டுக்கும் கீபோர்டிலிருந்து வடைக்கும் ஆறுதலாக நகர்த்தி எடுத்திருந்தார். அவ்வளவு நிதானமான வேலையைக் கல்யாண வீடியோ எதிலும் அவர் காட்டியதில்லை.

அடுத்த நாளே அது எல்லோருடைய போனிலும் இருந்தது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தவசீலன் நடந்து போனால் தெரிந்தவர்கள் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார்கள். தெரியாதவர்களும் தூக்கினார்கள்.

உண்மையில் அவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். அதுதான் கொடுமை. லா சப்பலிலேயே ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. சனி, ஞாயிறுகளில் விழாக்களுக்கு வாசிப்பு. முந்தி ஐந்து பேர் சேர்ந்து வாசித்த குழு அது. பிறகு மற்ற நான்கு பேரும் ஒரு லப்டொப்புக்குள் போய்விட்டார்கள். மேளம், வயலின், கித்தார் எல்லாம் முன்பே பதிந்த ட்ராக்கில் ஓடும். தவசீலன் மேலே வாசிப்பார். கை பிசகினாலும் காப்பாற்றட்டும் என்று தன் கீபோர்டையும் அதற்குள் பதிந்து வைத்திருந்தார். எல்லோரும் செய்வதுதான். வடையோடு அகப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அவரைவிட அவர் மனைவி ரதிதேவிதான் அதிகம் பட்டாள். கோயிலில், கடையில், வேலை செய்யும் பள்ளிக்கூடக் கன்ரீனில் என்று எங்கே போனாலும் பெண்கள் மெதுவாகக் கிட்ட வந்து, "உங்கட அவர் சாப்பிட்டாரோ?" என்று கேட்டார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து கைப்பையை மேசையில் போட்டாள்.

"இஞ்சையப்பா, நீங்கள் மெய்யாவே வாசிக்கிறனியளோ?"

ஊர் முழுக்கச் சிரித்தபோது வராத வலி தவசீலனுக்கு அப்போது வந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்தவள் கேட்கிறாள். எழுந்து போய் லப்டொப்பை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இனி இது எனக்கு வேண்டாம். நீர் விசா புதுப்பிக்கிற பிரிஃபெக்ச்சர் கந்தோரிலை ரொந்தேவுக்கு நாள் தேட வைச்சிரும்."

உணவகத்தில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் அலெக்சிஸ்தான் அவருக்கு வழி காட்டியவன். அந்தப் பிரெஞ்சுப் பொடியன் இரவுகளில் பார்களின் நிலவறையில் இசை போடுபவன். ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினான். மேசையில் நாலைந்து சின்னப் பெட்டிகள், ஏராளமான வயர், குமிழ்கள். கணினி இல்லை, திரையே இல்லை. ஒரு பெட்டியில் மேளம் எங்கெங்கே விழவேண்டும் என்று பொத்தான்களைத் தட்டிவிட்டான். அது சுற்றிச் சுற்றி அதையே அடித்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றைக் கூட்டினான், ஒன்றைக் கழித்தான், குமிழைத் திருகி ஒரு சத்தத்தை மொத்தமாக்கினான், மெல்லியதாக்கினான். பிழை விட்டான். விட்ட பிழையைத் திருத்தாமல் அதையே இன்னும் இரண்டு தடவை அடித்துப் பாட்டாக்கினான். தவசீலன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சமையலறையில் உப்புக் கூடினால் தான் செய்வதும் இதுதானே என்று அவருக்குப் பட்டது.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. அலெக்சிஸின் உதவியோடு பழைய பெட்டிகள் மூன்று வாங்கினார். ஒன்று மேளம் அடிக்கும். ஒன்று அடிநாதம் போடும். மூன்றாவது சாம்ப்ளர்: மைக்கில் சொல்வதை அந்த இடத்திலேயே பிடித்துத் துண்டு துண்டாக வெட்டிவைத்து, விரலால் தட்டத் தட்டத் திருப்பிச் சொல்லும். கீபோர்டையும் மைக்கையும் சேர்த்து எல்லாவற்றையும், சத்தங்களை ஒன்றாகக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒரு மிக்சரில் கொண்டுவந்து செருகினார். பின்னேரங்களில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் இருந்து திருகினார். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. மனுசன் மௌனமாகத் தலையாட்டுவதையும், திடீரென்று சிரிப்பதையும், "சீ!" என்று தொடையில் அடிப்பதையும் ரதிதேவி கதவடியில் நின்று பார்த்தாள். இதற்கு வடையே பரவாயில்லை என்று ஒருநாள் நினைத்துக்கொண்டாள்.

ஜூன் இருபத்தொன்று வந்தது. பாரிசில் அன்றைக்கு இசைத் திருநாள், யாரும் தெருவில் நின்று வாசிக்கலாம். பொலிசும் ஒன்றும் சொல்லாது. ரூ பிலிப்-து-ஜிராரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குணரத்தினம் தன் கடை வாசலில் ஆண்டுதோறும் பாட்டுக் கச்சேரி ஒழுங்குசெய்வார். எங்கள் ஆட்களின் எந்த விழாவிலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். மணமக்களை வரவேற்பது, மறித்து நிற்கும் காரின் இலக்கத்தைச் சொல்லி எடுக்கச் சொல்வது, சாப்பாடு தயார் என்பது, எல்லாம் அந்த ஒரே குரலில்தான் வரும். குணரத்தினம் ஒன்றை மைக்கில் சொன்னால் அது நடந்த மாதிரி.

"தவம், இந்தமுறை நீயும் வாசியன். கையைக் கழுவிப்போட்டு வா" என்று கண்ணடித்தார்.

தவசீலன் ஓமென்றார். இந்தத் தெருவில்தான் சிரித்தார்கள், இந்தத் தெருவில்தான் கெட்ட பெயரைத் திருப்பி எடுக்கவேண்டும். இன்றைக்கும் சிரித்தார்களென்றால் கீபோர்டையும் விற்றுப்போட்டுச் சட்டியோடு மட்டும் இருப்பது என்று முடிவு செய்திருந்தார்.

நல்ல வெயில். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிய சனம் மரக்கறிப் பையும் பிள்ளைகளுமாக வந்து வாசலில் நிறைந்தது. தவசீலன் பெட்டிகளை மேசையில் அடுக்கி வயர்களைச் செருகினார். ரதிதேவிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சபைக்கு முன்னால் மேசையை வெறுமனே விடுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. நிறைகுடம் வைத்தாலும் கேக் வைத்தாலும் மேசைக்குச் சேலை சுற்றித்தான் ஆகவேண்டும். மயில்கழுத்து நிறத்தில் தன் நல்ல சேலை ஒன்றைக் கொண்டுவந்து, மேசையின் மூன்று பக்கமும் நிலம் தொடக் கொசுவி ஊசி குத்திவிட்டாள்.

"இப்பத்தான் வடிவாக் கிடக்கு" என்றாள்.

வடிவாகத்தான் கிடந்தது. ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போனது.

குணரத்தினம் மைக்கை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார் என்பதால், அதன் வயரைத் தானே கொண்டுவந்து தவசீலனின் மிக்சரில் செருகினார். ஸ்பீக்கர் அங்கே மட்டும்தான் இருந்தது. "அடுத்ததாக, உங்கள் எல்லோருக்கும் நன்கு அறிமுகமான தவசீலன்" என்று அந்த 'நன்கு' என்ற சொல்லை இழுத்து அறிவித்தார். சனம் சிரித்தது.

தவசீலன் மேளத்தைத் தொடக்கினார். அடிநாதம் சேர்ந்தது. கீபோர்டில் ஒரு மெட்டு வாசித்தார். நன்றாகத்தான் போனது. முன்வரிசையில் இரண்டொருவர் கால் தட்டினார்கள். பிறகு அடிநாதத்தைத் தடிப்பாக்க வேண்டும் என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்து, அந்தப் பக்கத்துக் குமிழ்கள் இரண்டைத் திருகப் போனார். மேளம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடத்தானே வேண்டும்!

"எடுத்திட்டான்! கையை எடுத்திட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். ஏகப்பட்ட போன்கள் உயர்ந்தன.

குணரத்தினத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைத்த மாதிரி. மைக்கோடு மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். "லப்டொப் எங்கை? சனங்களே, லப்டொப் எங்கை?" என்று சேலையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ரதிதேவியின் செருப்பும்தான் இருந்தன.

"போனிலை இருந்து வரும்" என்றார் ஒருவர். தவசீலன் போனை எடுத்துக் குணரத்தினத்தின் சட்டைப் பையில் போட்டார். "வைஃபையிலை வரும்" என்றார் இன்னொருவர்.

இதற்கு மேல் மனுசன் என்ன செய்வது? தவசீலன் நிமிர்ந்து ரதிதேவியைப் பார்த்தார். அவள் மிச்சச் சேலை ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனியாமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளதை எல்லாம் திறந்து காட்டியாகிவிட்டது, இனிக் காட்ட ஒன்றுமில்லை என்று அவருக்குத் தோன்றியது. பொத்தான்களை அமத்தி எல்லாவற்றையும் அழித்தார். தெரு சட்டென்று அமைதியானது.

"சார்ஜ் முடிஞ்சுது போல!" என்றார் குணரத்தினம். சிரிப்பு வெடித்தது. மைக்கை அவர் விடவில்லை. "திருப்பிக் கேக்கிறன், லப்டொப் எங்கை?"

தவசீலனின் விரல் சாம்ப்ளரில் இருந்தது.

அடுத்த கணம் ஸ்பீக்கரில் குணரத்தினத்தின் குரல் வந்தது. "லப்." குணரத்தினத்தின் வாய் மூடியிருந்தது. "லப்." தவசீலன் ஒரு குமிழைத் திருகினார். அந்த "லப்" கீழே இறங்கி, மாட்டுத்தோல் மேளம் போல வயிற்றில் இடித்தது. "டொப்." அது கூராக, கன்னத்தில் அறைந்த மாதிரி வந்தது. ஒரு விரலால் லப், மறு விரலால் டொப். லப், லப், டொப். லப், லப், டொப். குணரத்தினம் மைக்கைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "எங்கை" என்பதைத் தவசீலன் இழுத்தார், மேலே ஏற்றினார், ஒரு பிள்ளை சிணுங்குவது போலாக்கிக் கீபோர்டால் அதற்குப் பதில் சொன்னார். எங்கைஐஐ? எங்கைஐஐ? தெருவில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அந்த மனுசன் அரை நிமிடத்துக்கு முன் சொன்ன சொல் எந்த ட்ராக்கில் இருக்க முடியும்?

முதலில் ஆடியது மரக்கறிப் பையோடு நின்ற ஒரு பிரெஞ்சுக் கிழவி. பிறகு சொல்லவேண்டியதில்லை. "லப்டொப்!" என்று ஒரு பக்கம் கத்த, "எங்கை!" என்று மறுபக்கம் கத்தியது. 'எங்கை' என்றால் என்னவென்று தெரியாத அலெக்சிஸ் எல்லோரையும்விட உரத்துக் கத்தினான். தவசீலன் வியர்த்து வழிய வெட்டினார், ஒட்டினார், திருகினார், இரண்டு இடத்தில் பிழையும் விட்டார். பிழைக்கும் கைதட்டினார்கள். பிறகு ஆளுக்காள் மைக்கை வாங்கித் தங்கள் பெயரைச் சொல்ல, பெயர்களையும் பிடித்து மேளத்தில் போட்டார். தன் பெயரைக் கேட்டுத் தானே ஆடும் சந்தோசம் இருக்கிறதே, அதை அன்றைக்குப் பார்க்க வேண்டும்.

ஓய்ந்தபோது குணரத்தினம் கிட்ட வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்ரை குரலோ அது?"

"ஓம் அண்ணை. உங்கடைதான்."

"நல்லாத்தான் கிடக்கு." கொஞ்சம் வெட்கப்பட்டார். "வீடியோ எல்லாரிட்டையும் இருக்கு, அதுக்குள்ளை ஒரே கூச்சல். நீ எனக்கு அந்தப் பாட்டை மட்டும் அனுப்பு. கனடாவிலை தம்பிக்குக் காட்டோணும்."

"அது இல்லையே அண்ணை."

"இல்லையோ? பதிஞ்சு வைக்கேல்லையோ?"

"இல்லை. ஆக்களின்ரை பேரைப் பிடிக்கிறதுக்கு அதை அழிச்சுப்போட்டன். திரும்பச் செய்யலாம், ஆனால் அதே மாதிரி வராது."

குணரத்தினம் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு தவசீலனின் விரல்களைப் பார்த்தார். நுனிகள் சிவந்திருந்தன.

"அப்ப நீ மெய்யாவே வாசிச்சனி" என்றார் மெதுவாக.

ரதிதேவி பக்கத்தில் வந்து நின்று, "என்ரை மனிசன் வாசிப்பார்" என்றாள். இத்தனை மாதமும் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று அடக்கி வைத்திருந்த குரல் அது. தவசீலனுக்கு அது போதும் போல இருந்தது. ஆனால் குணரத்தினம் அதோடு விடவில்லை. மைக்கை எடுத்து, கல்யாண மண்டபத்தில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார்.

"அன்பார்ந்த பெருமக்களே! இவ்வளவு நேரமும் உங்கள் முன்னிலையில் வாசித்தவர் திருவாளர் தவசீலன் அவர்கள். அவர் மட்டுமே வாசித்தார். வேறு ஒருவரும் இல்லை."

தெரு முழுக்கக் கைதட்டியது. அடுத்த பாட்டைத் தொடக்க இதைவிட நல்ல சொல் கிடைக்குமா என்று எல்லோரும் தவசீலனைப் பார்த்தார்கள். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அவருக்குக் கண் கலங்கி, பெட்டியும் தெரியவில்லை, பொத்தானும் தெரியவில்லை.

"அண்ணை" என்றார், "பிடிக்க மறந்து போனன். இன்னொருக்காச் சொல்லுங்கோ."

குணரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்னதைவிட உரத்து, முதலிலிருந்து சொன்னார்.