பெடலில் இருந்த கால்

ஹோட்டல்களின் தலையணை உறைகள் ஈரம் காயாமலே லாண்டரியின் இஸ்திரி மெஷினுக்கு வந்து குவியும். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரக்காரி, உறையைப் பலகையில் பரப்பி, சுருக்கம் நீவி, கையை எடுத்துக்கொண்டு "ம்" என்பாள். அவளோடு வேலை செய்யும் மூத்தவள் பெடலை மிதிப்பாள். கொதிக்கும் மேல்தட்டு இறங்கும், ஆவி சீறும். பல வருஷமாக இருவருக்கும் ஒரே மெஷின்தான்.

மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கியதிலிருந்து மூத்தவளுக்குத் தூக்கம் போயிற்று. கண் அயரும் நேரம் பார்த்து நெஞ்சுக்குள்ளிருந்து அனல் கிளம்பிக் காதுமடல் வரை ஏறும். தலையணை நனைந்துவிடும். பிறகு அதே வியர்வை குளிர்ந்து உடம்பு நடுங்கும். பஸ் ஓட்டும் கணவன், "விடியறதுக்குள்ள வண்டி எடுக்கணும்டி, ஏன் உருண்டுகிட்டே இருக்க?" என்று சலித்துக்கொள்வான். அவள் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சமையலறைத் தரையில் போய்ப் படுப்பாள்.

"டாக்டரைப் பார்த்தியாக்கா?" என்று நெட்டை கேட்டாள்.

"பார்த்தேன். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்னாரு."

"அதுக்கு மருந்து கிடையாதாமா?"

"கேக்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு."

அனல் இல்லாத மடிப்பு மேஜைக்கு மாற்றச் சொல்லி மூத்தவள் சூப்பர்வைசரிடம் கேட்டாள். "பொம்பளைங்க சமாச்சாரத்தை எல்லாம் என்கிட்ட கொண்டு வராதீங்கம்மா" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று சாப்பாட்டு இடைவேளை முடிந்து மெஷின் ஓடத் தொடங்கியதும், நின்ற வாக்கிலேயே மூத்தவளுக்குக் கண் சொருகியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. கால் அழுந்தியது. நெட்டையின் வலது கை இன்னும் உள்ளேதான் இருந்தது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். மூத்தவள் வாய் திறப்பதற்குள், தரையில் துடித்துக்கொண்டிருந்த நெட்டை சொல்லிவிட்டாள்: "நான்தான் சார் கையை எடுக்க மறந்துட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"நீ தூங்கிட்டேன்னு தெரிஞ்சா இன்னைக்கே உன்னை அனுப்பிடுவாங்க. உனக்குப் பிள்ளைங்க படிக்குது. நான் ஒண்டிக்கட்டை. கை ஆறினா வந்துடப் போறேன்."

புண் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. அவளே தன் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டதால் நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனி கையை விரித்தது. வேலையும் போயிற்று. மூத்தவள் ஆபீஸ் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"முடிஞ்ச கேஸும்மா அது" என்றான் சூப்பர்வைசர். "இப்ப கிளறினா உங்க வேலையும் போகும், அவங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காது. போய் மெஷினைப் பாருங்க."

அவள் போய் மெஷினைப் பார்த்தாள்.

விடுமுறை மதியத்தில் நெட்டையின் அறைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டுக் காலில் விழவேண்டும் என்றுதான் போனாள். "உக்காருக்கா, வெயில்ல வந்திருக்க" என்றாள் நெட்டை. சுவரோரம் உட்கார்ந்து, "என்னாலதான்டி..." என்று ஆரம்பித்தபோதே முகம் செக்கச் சிவந்து வியர்வை வழிந்தது. பேச்சு நின்றது. சுவரில் தலை சாய்ந்தது. பல நாள் தூக்கம் அப்படியே அவளை இழுத்துக்கொண்டது.

நெட்டை விறைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு பழைய வாரப்பத்திரிகையை எடுத்து அவளுக்கு விசிறினாள். பழகாத கை. பத்திரிகை நழுவி நழுவி விழுந்தது. சத்தம் கேட்காமல் எடுத்து எடுத்து விசிறினாள்.