படகு கரைக்கு வரும் நேரம்

அந்த அடித்தள அறைக்கு ஜன்னல் கிடையாது. நகரத்துக் கட்டடங்களின் பழைய வரைபடங்களை விரித்து, ஸ்கேன் செய்து, எண் போட்டுச் சேமிக்கிற இடம் அது. பழைய தாளுக்கு வெயில் ஆகாது. அந்தத் தாளோடு உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பற்றிக் கட்டியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அங்கே ஒரே டியூப் லைட் வெளிச்சம்தான்.

அங்கே இரண்டே பேர். ஒருத்தி பதினைந்து வருடமாக ஸ்கேனரோடு குடித்தனம் நடத்தும் அக்கா. இன்னொருவன் இருபத்து மூன்று வயது இளைஞன். மதியச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதைக்கூடப் பட்டியலில் எழுதி டிக் போடுகிறவன் என்பதால் அவனுக்கு அக்கா வைத்த பெயர் 'அட்டவணை'. அவனே மறந்துபோய் ஒருமுறை போனில் அந்தப் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான்.

அட்டவணை மாலை வகுப்பில் கட்டட வரைபடம் வரையப் படித்துக்கொண்டிருந்தான். தேர்வில் தேறினால் மூன்றாம் மாடி வரைவுப் பிரிவில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஜன்னல் உண்டு. ஒன்றல்ல, நான்கு. அவன் எண்ணிப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

வகுப்பு ஆறு மணிக்கு. ஆறு பத்துக்கு ஆசிரியர் கதவை மூடிவிடுவார். ஐந்து முறை மூடிய கதவுக்கு வெளியே நின்றவனுக்குத் தேர்வு இல்லை. வராமல் போனாலும் அதே கணக்குதான். காய்ச்சலில் படுத்ததில் அட்டவணைக்கு ஏற்கெனவே இரண்டு போயிருந்தது.

ஐந்தே காலுக்கு அலுவலகத்தை விட்டால் ஐந்து ஐம்பத்தைந்துக்கு வகுப்பில் இருக்கலாம். வேலை நேரமும் ஐந்தே காலோடு முடிகிறது. பிறகென்ன சிக்கல் என்றால், நாலு மணியிலிருந்தே அவன் கண் திரையின் மூலையிலிருக்கும் கடிகாரத்துக்கு ஓடும். ஒருநாள் பிரிவுத் தலைவி பின்னால் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

"என்னப்பா, அந்த மணி ஓடிப்போயிடுமா? காவல் காக்கிறே?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேறொருவனாக இருந்தால் "வகுப்பு இருக்குங்க மேடம்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பான். அட்டவணை அன்று மாலை நோட்டில் அரைப் பக்கம் எழுதினான். 'என்னைச் சோம்பேறி என்று நினைத்திருப்பார். நினைத்தது சரியாகவும் இருக்கலாம்.' மறுநாள் காலை முதல் வேலையாகத் திரையில் கடிகாரம் இருக்கும் பட்டையையே மறைத்துவிட்டான்.

கடிகாரம் போயிற்று. நேரம் தெரியவேண்டுமே. இருவருக்கும் கைக்கடிகாரப் பழக்கம் இல்லை, சுவரிலும் ஒன்று கிடையாது. போன்களையோ வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அப்போதுதான் பொழுதுக்கேற்ப மாறும் வால்பேப்பர்களைப் பற்றி எங்கோ படித்தான். காலையில் விடியல், மதியம் உச்சி வெயில், மாலையில் அந்தி என்று படம் தானாக மாறுமாம். பார்க்கிறவருக்கு அது அழகு. அவனுக்கு மட்டும் அது கடிகாரம். தன் தந்திரத்தை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மூன்று மாலை இணையத்தில் தேடி இருபத்து மூன்று தொகுப்புகளுக்கு மதிப்பெண் போட்டான். மேகத்துக்கு ஐந்து, நிழல் நகர்வதற்குப் பத்து. பாலைவனம் கண்ணைக் கூசச் செய்தது. நகரத்துக் கூரைகள் அடங்கிய தொகுப்பில் எட்டாவது படத்தில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள், ஒன்பதாவதில் அதைக் காணவில்லை. அந்தத் துணியை யார் எடுத்தது என்று இரண்டு நாள் யோசித்தான். கடைசியில் ஓர் ஏரி வென்றது. பதினாறு படங்கள். காலையில் ஒரு படகு கரையை விட்டுப் போகும். நாளெல்லாம் தண்ணீரில் புள்ளியாக நிற்கும். பதின்மூன்றாவது படத்தில் கரைக்குத் திரும்பி, வானம் ஆரஞ்சாகி, துறையில் ஒரு விளக்கு எரியும்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் எதை ஏற்றவும் அனுமதி வேண்டும். ஒன்றரைப் பக்க விண்ணப்பத்தோடு போனான். கம்ப்யூட்டர் பிரிவு ஆள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வால்பேப்பருக்கு விண்ணப்பமா? எனக்குக் கல்யாணம் பண்ணக்கூட இவ்வளவு காரணம் கேக்கலையே, தம்பி."

"கண் வலிக்குது சார். மூணாவது பத்தியில எழுதியிருக்கேன்."

"படிச்சேன், படிச்சேன். அதுல எனக்கே வலி வந்துடுச்சு. போய்ப் போட்டுக்கோ."

நிறுவும்போது ஆப் ஒரு கேள்வி கேட்டது: படங்கள் கடிகாரப்படி மாற வேண்டுமா, சூரியன்படி மாற வேண்டுமா? உதவிப் பக்கத்தை இரண்டு முறை படித்தான். கடிகாரம் மனிதன் வைத்தது, சூரியன் அப்படியல்ல, ஆகவே அதுதான் நேர்மையானது என்று முடிவு செய்தான். அலுவலக வாசற்படியின் அட்சரேகை, தீர்க்கரேகையை நான்கு தசமம் வரை குறித்து வந்து உள்ளிட்டான். திங்கட்கிழமை மாலை சரியாக ஐந்தே காலுக்குப் படகு கரைக்கு வந்தது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று கைதட்டாமல் இருந்துவிட்டான்.

"அட, படகு வந்தாச்சா? அப்ப நானும் மூட்டையைக் கட்டுறேன்" என்று அக்காவும் எழுந்தாள்.

தூர வடக்கில் இருந்த அந்த நகரத்தில் குளிர் விட்டு, பொழுது நீளத் தொடங்கியிருந்த மாதம் அது.

செவ்வாயன்று வகுப்புக்குப் போய்ச் சேர இரண்டு நிமிடம் பிந்தியது. நோட்டில் எழுதினான். 'காரணம்: படிக்கட்டில் ஒருவருக்கு வழிவிட்டது.' புதனன்று நான்கு. 'காரணம்: ஷூ லேஸ்.' லேஸ் இல்லாத ஷூ வாங்கினான். வியாழனன்று ஆறு. லாக்கர் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அடுத்த வாரம் படிக்கட்டை எண்ணினான். நாற்பத்திரண்டு படி. இரண்டிரண்டாகத் தாவினான். பூங்காவின் குறுக்கே ஒரு வழி கண்டுபிடித்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடினான்.

லாக்கரில் போனை எடுத்து மணி பார்ப்பான். ஐந்தரை, பிறகு ஐந்தே முக்கால் என்று இருக்கும். படகு வந்த உடனேதானே எழுந்தோம், அப்படியானால் நாற்பத்திரண்டு படி ஏறக் கால் மணி, அரை மணி நேரம் எடுத்திருக்கிறோம் என்று தன் கால்களைப் பார்ப்பான். இந்த வயதிலேயே இப்படி. படத்தைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. தன்னைச் சந்தேகிக்கும் வேலையே கை நிறைய இருந்தது. தவிர, வெளியே வந்தால் வானமும் அதே ஆரஞ்சில் இருந்தது. வானமே சாட்சி சொல்லும்போது என்ன செய்ய?

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை கதவு மூடியிருந்தது. நான்காம் வாரம் திங்களும் மூடியிருந்தது. மொத்தம் நான்கு. இன்னும் ஒன்று போனால் ஜன்னலும் இல்லை, ஒன்றும் இல்லை.

திங்களன்று ஆறரை மணிக்கே வீட்டுக்கு வந்து நிற்பவனைப் பார்த்துத் தங்கை பாடப் புத்தகத்தை மூடினாள்.

"என்ன அண்ணா, வகுப்புல இருந்து துரத்திட்டாங்களா?"

"நான் இதுக்கு லாயக்கில்லை. படி ஏறக்கூடத் தெரியலை" என்று நோட்டை மேசையில் போட்டான். ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அவள் ஜன்னல் ஓரமாகத் திருப்பி வைத்துப் படித்தாள். முதலில் சிரித்தாள். லாக்கர் சாவி வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. இது என்ன, ஒழுங்கு மரியாதையா ரெண்டு ரெண்டா லேட் ஆகியிருக்கே?"

"தினமும் ஒரு காரணம் எழுதியிருக்கேன் பாரு."

"காரணம் எல்லாம் தினுசு தினுசா இருக்கு. நிமிஷம் மட்டும் ஒரே தினுசா இருக்கு. நடுவுல கொஞ்ச நாள் குறையுது, அதுவும் நீ ஏதாவது மாத்தின அன்னைக்கு. சரி, திங்கக்கிழமை மட்டும் ஏன் ஆறு கூடுது?"

"திங்கக்கிழமைன்னா எல்லாருக்கும் சோம்பல்தானே."

"சனி, ஞாயிறு உனக்கு லீவு. எதுக்கோ லீவு இல்லாம அது பாட்டுக்கு ஓடியிருக்கு. நீ எந்த மணியைப் பாத்து எழுந்திருக்கிறே?"

அவன் ஏரியைப் பற்றிச் சொன்னான். படகைப் பற்றிச் சொன்னான். சூரியனைத் தேர்ந்தெடுத்ததைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். தங்கை ஜன்னல் பக்கம் விரலை நீட்டினாள்.

"மணி ஆறரை தாண்டியாச்சு. போன மாசம் இந்நேரம் லைட் போட்டுத்தான் படிச்சேன். இப்ப போடலை."

அட்டவணை ஜன்னலைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். மறுபடி ஜன்னலைப் பார்த்தான்.

"அப்ப படி ஏறினது…"

"ஒழுங்காத்தான் ஏறியிருக்கே, மக்கு அண்ணா. தினமும் லேட்டானது உன் சூரியன்தான்."

செவ்வாய் காலை கடிகாரப் பட்டையைத் திரும்பக் கொண்டுவந்தான். ஏரியை எடுக்க மனம் வரவில்லை. மாலை ஐந்து பத்துக்குப் பிரிவுத் தலைவி கையில் ஒரு தாளோடு படியிறங்கி வந்தார். தண்ணீரின் நடுவே படகு நின்றது. மூலையில் மணி பளிச்சென்று நின்றது. அவன் காது சூடாயிற்று.

"உங்க ரெண்டு பேரையும் பாராட்டத்தான் வந்தேன். இந்த மாசம் வரைபடம் நூத்தி எண்பது கூடுதலா முடிச்சிருக்கீங்க. தினமும் நேரம் தாண்டியும் இருந்து வேலை பாக்கிறீங்களாமே?"

அக்கா திரும்பி அட்டவணையைப் பார்த்தாள். "ஓ! அதனாலதான் எங்க வீட்டுக்காரர் யாரோட சுத்திட்டு வரேன்னு கேட்டாரா! அட்டவணை, உன் படகை நம்பி என் குடும்பமே கவுந்திருக்கும்டா."

ஐந்து பதின்மூன்று. அவனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கடின உழைப்பாளி என்ற பெயரோடு இன்னும் அரை மணி உட்காரலாம். அல்லது வாயைத் திறக்கலாம். நோட்டில் எழுதிப் பார்க்க நேரமில்லை.

"மேடம், நான் ஒண்ணும் கூடுதலா உழைக்கலை. மணி தெரியாம உக்காந்திருந்தேன். எனக்கு ஆறு மணிக்கு வகுப்பு. நான் போகணும்."

"வகுப்புக்குத்தானே? போயேன். மூணாம் மாடிக்கு உன் பேரைச் சொன்னதே நான்தான். தினமும் இருக்கிறியே, படிப்பை விட்டுட்டியோன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"அன்னைக்கு மணி பாத்ததுக்கு…"

"என்னைக்கு?" என்றார் அவர்.

அவன் ஓடினான். கழுத்தில் சாவி, காலில் லேஸ் இல்லாத ஷூ, படிகள் இரண்டிரண்டாக, பூங்காவின் குறுக்கே, பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரே ஓட்டம். ஒரு மாதம் சேர்த்த அத்தனை பரிகாரங்களும் முதல்முறையாகச் சரியான நேரத்தில் புறப்பட்டிருந்தன.

வகுப்பின் கதவு மூடியிருந்தது.

கைப்பிடியைத் திருகினான். திறக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து, என்று எண்ணினான். இருந்த பயத்தில் போனை எடுத்துப் பார்க்கவும் கை வரவில்லை. நோட்டைப் பிரித்து 'காரணம்' என்று எழுதினான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவனிடமிருந்த காரணங்கள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

தாழ்வாரத்தில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. ஆசிரியர் ஒரு கையில் டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்தார்.

"என்னய்யா, இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து வாசலை மறிச்சு உக்காந்திருக்கே? இந்த டம்ளரைப் பிடி, கதவைத் திறக்கிறேன்."