தைல விளம்பரத்து அண்ணாச்சி

செவ்வாய்க்கிழமை காலை பிறவிப்பெருமாள் பிள்ளை கைபேசியில் நாதஸ்வரம் கேட்க உட்கார்ந்தபோது குறுக்கே வந்த விளம்பரக்காரர், புதன்கிழமை மதியம் ஆகியும் கூடத்தை விட்டுப் போகவில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் அந்தக் கார்த்திகை மாதம் பல வீடுகளில் விளம்பரங்கள் இறங்கியிருந்தன. மேலத் தெருவில் ஒரு வீட்டு மாடியில் சோப்புத்தூள் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. நான்கு பேர். அவர்கள் நாள் முழுவதும் வெள்ளைச் சட்டையில் சாம்பாரைக் கொட்டிக் கொட்டித் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு மட்டும் குறையவில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்தவர் மூட்டுத் தைலம். நாற்பது வயது இருக்கும். ஆகாய நீலச் சட்டை. வாய்க்குத் தேவையானதைவிட அதிகமாகப் பற்கள்.

“வணக்கம்! உங்களுக்கு முழங்கால் வலியா?” என்று அவர் கேட்டார்.

அதே கேள்வியை அவர் அதே நேரத்தில் லட்சம் வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிள்ளை சொன்னார். வீடு தேடி வந்து ஒருவன் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை.

“கிடையாது. எங்க வம்சத்துல யாருக்கும் முழங்கால் வலி வந்ததில்ல.”

விளம்பரக்காரர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பதில் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அன்று முதல் எந்த இரண்டு காரியத்துக்கும் நடுவில் அவர் வந்தார். சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவில் வந்தார். பிள்ளை திருநீற்றை எடுத்ததற்கும் நெற்றியில் இட்டதற்கும் நடுவில் வந்து, மாடிப்படி ஏற முடியாமல் தவித்த ஒரு பெண்மணியின் கதையைச் சொன்னார். கதை முடியும்போது அந்தப் பெண்மணி ஓடினாள். எதற்காக ஓடினாள் என்று அவர் சொல்லவில்லை.

ஐந்து நொடி ஆனதும் அவர் சட்டையின் கீழே, வலது இடுப்பின் மேல், ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் தோன்றும். அதில் ‘தவிர்’ என்று எழுதியிருக்கும். அமுக்கினால் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கிவிடுவார். பிள்ளையின் மனைவி சிதம்பரவடிவு, காப்பியை ஆற்றிக்கொண்டே விளக்குச் சுவிட்சைத் தட்டுவதுபோல் அதைத் தட்டினாள். மகள் செண்பகம் தலையைக்கூட நிமிர்த்தாமல் தட்டினாள். பிள்ளை மட்டும் தட்டவில்லை.

“ஒரு தடவ அமுக்குனா என்ன, வெரலு தேஞ்சா போயிரும்?” என்றாள் சிதம்பரவடிவு.

“ஒரு ஆம்பளைய இடுப்பத் தொட்டுத் தள்ளச் சொல்லுதியா?”

“ஆம்பளையா? தைலம்லா அது.”

“நம்ம கூடத்துல உக்காந்திருக்கு. அப்ப விருந்தாளி.”

ஆகவே அவர் ஒவ்வொரு முறையும் முழுவதையும் கேட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் துச்சமாக நினைத்துக் கேட்டார். அவ்வளவு முழுமையாகவும் அவ்வளவு இளக்காரமாகவும் அந்தத் தைலத்தைக் கேட்ட ஆள் ஜில்லாவிலேயே வேறு யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை செண்பகத்துக்கு நிச்சயதார்த்தம். அதுதான் சங்கடம்.

செண்பகத்துக்கு முப்பத்தொரு வயது. சேரன்மகாதேவியில் ஒரு வங்கியில் வேலை. அதுவரை வந்த பத்து வரன்களையும் பிள்ளையே தட்டிக் கழித்திருந்தார். ஒரு வீட்டார் காப்பியைச் சத்தமாக உறிஞ்சினார்கள். ஒரு வீட்டார் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. பதினோராவது வரன் கல்லிடைக்குறிச்சி ஆவுடையப்ப பிள்ளையின் மகன். செண்பகம் அப்பாவின் எதிரில் வந்து நின்று, “இத முடிச்சிருங்கப்பா, எனக்குப் பிடிச்சிருக்கு,” என்று சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் ஒரு பெண் அப்படிச் சொல்வது அதுவே முதல் தடவை.

நிச்சயப் பத்திரிகையைப் பிள்ளை தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். மூன்று தலைமுறைப் பெயர்கள். உயிரோடு இருக்கும் ஆண்களில் மூத்தவர் அதைச் சபையில் வாசித்துத் தட்டு மாற்ற வேண்டும். அண்ணன் சங்கரலிங்கம் காலமாகி இருபத்திரண்டு வருஷமாக அந்த மூத்தவர் பிள்ளைதான். கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் தைலம் புகுந்துவிட்டால் குடும்ப மானம் கப்பலேறிவிடும்.

வியாழக்கிழமை அவர் விளம்பரக் குறைதீர் அலுவலகத்துக்குப் போனார். அது பழைய நெல் மண்டியின் மாடியில் இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் மாடி இல்லை. படி மட்டும் இருந்தது.

உள்ளே ஒரு நீண்ட நடை. பிள்ளை நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். காலடியை எண்ணிக்கொண்டே நடந்தார். நாற்பதாவது அடியில் கவுண்ட்டர் இன்னும் நாற்பது அடி தூரத்தில் இருந்தது. எண்பதாவது அடியிலும் நாற்பது அடி தூரத்தில் இருந்தது. இப்படி ஓர் அளவைப் பிள்ளை தன் காலத்தில் கையெழுத்திட்டு அனுப்பியதில்லை. நின்றுவிட்டார். கவுண்ட்டர் அவரிடம் வந்தது.

கவுண்ட்டருக்குப் பின்னால் கனகாம்பரம் வைத்த ஓர் அம்மாள் இருந்தாள்.

“என்ன குறை?”

“எங்க வீட்டுல ஒரு விளம்பரம் உக்காந்திருக்கு. போகச் சொல்லணும்.”

அவள் ஒரு படிவத்தைத் தள்ளினாள். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. பிடிக்கவில்லை. பொருத்தமில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டேன்.

“மரியாதைக் குறைவுன்னு ஒரு கட்டம் வேணும்,” என்றார் பிள்ளை.

“அப்படி யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கேன்லா.”

அவள் ஒரு தடித்த ஏட்டைப் புரட்டினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“பதில் சொல்லியிருக்கீய.”

“யாருக்கு?”

“விளம்பரத்துக்கு. செவ்வாக்கெழம காலைல ஆறு இருபதுக்கு. ‘எங்க வம்சத்துல’ன்னு பேசியிருக்கீய.”

“கேட்டாரு. சொன்னேன்.”

“பதில் சொன்னவங்களுக்கு இந்தக் கவுண்ட்டர் இல்ல. உறவுப் பதிவு.”

அவள் எழுந்து, கவுண்ட்டரில் தொங்கிய பலகையைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கத்தில் ‘உறவுப் பதிவு’ என்று இருந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

“வாங்க. அவரு உங்களுக்கு முன்னால வருதாரா, பின்னால வருதாரா?”

பிள்ளை யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“எல்லாத்துக்கும் முன்னாலதான் வருதாரு.”

“அப்ப அண்ணன்.” அவள் முத்திரையைக் குத்தினாள்.

“எங்க அண்ணாச்சி செத்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.”

“அதான் எடம் காலியா இருக்கு.”

“இத ரத்து பண்ணணும்.”

“மாசாமாசம் ஒரு தொகை கட்டுங்க. அவரு வரமாட்டாரு.”

“ஒருத்தன் வராம இருக்கதுக்கு நான் கப்பம் கட்டணுமா?”

“அப்ப அமுக்குங்க. ஒண்ணு சொல்லிருதேன், இனிமே அந்தக் கட்டம் உங்க வெரலுக்கு மட்டுந்தான் கேக்கும். வேற யாரு அமுக்குனாலும் சட்டைதான் கசங்கும். அடுத்தவங்க வாங்க.”

அடுத்தவர் யாரும் இல்லை. பிள்ளை காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார். திரும்பும்போது நடை நாலே அடிதான் இருந்தது. அது அவருடைய கோபத்தை இன்னும் கிளப்பியது.

காகிதத்தைப் பார்த்ததும் சிதம்பரவடிவு விளம்பரக்காரர் எதிரில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். சங்கரலிங்கத்தின் பட்டு வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தாள்.

“அது எங்க அண்ணாச்சி வேட்டிடீ.”

“இவரும் அண்ணாச்சிதான. முத்திரை குத்திக் கொண்டாந்தது நீங்க.”

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வேன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேர். ஜமுக்காளத்தின் நடுவில் பட்டு வேட்டியோடு விளம்பரக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது பக்கம் தம்பி உட்காரும் இடம். பிள்ளை அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. இடம் சின்னதாகியிருந்தது. ஒரு முழங்கால் வெளியே நின்றது.

“உங்க அண்ணாச்சி என்னமா பேசுதாரு!” என்றார் ஆவுடையப்ப பிள்ளை.

“வேற வேலை கிடையாது,” என்றார் பிள்ளை.

“நிபந்தனைகளுக்கு உட்பட்டது,” என்று விளம்பரக்காரர் வேகமாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“பத்து இருபது வரைக்குந்தான் நல்ல நேரம்,” என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். “பெரியவரு வாசிக்கட்டும்.”

பெரியவர் காகிதத்தை எடுத்தார்.

“நிகழும் மங்களகரமான ஆண்டு கார்த்திகை மாதம், அம்பாசமுத்திரம் குற்றாலலிங்கம் பிள்ளை அவர்களின் கொள்ளுப்பேத்தியும்...” அங்கே நிறுத்தி, சபையைப் பார்த்துப் புன்னகைத்தார். “நம் கொள்ளுத்தாத்தாக்கள் பயன்படுத்திய ஒன்பது மூலிகைகள், இப்போது ஒரே குப்பியில்!”

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி, அவர் சொன்ன தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டாள். குற்றாலலிங்கம் பிள்ளை தொண்ணூற்றோரு வயதில் பாபநாசத்துக்கு நடந்து போய் நடந்து வந்தவர். அவர் பெயரை ஒரு குப்பிக்குள் அடைத்தாகிவிட்டது.

பட்டு வேட்டியின் மடிப்பில், வலது இடுப்பில், வெள்ளைக் கட்டம் தோன்றியது.

செண்பகம் உள்ளறையிலிருந்து வந்தாள். அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“அப்பா, அமுக்குங்க.”

“சபையில வச்சு அண்ணனையா?”

“அண்ணன் இல்லப்பா. தைலம்.”

“பதிஞ்சாச்சு.”

“மணி பத்து அஞ்சு. ஒரே ஒரு தடவப்பா. எனக்காக.”

பிள்ளையின் வலது சுட்டுவிரல் முழங்காலிலிருந்து ஓர் அங்குலம் எழுந்தது. பதினொரு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குக் கல்லிடைக்குறிச்சியில் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தம்பிக்காரன் மூத்தவனை இடுப்பில் குத்தித் தள்ளினான் என்று பேசுவார்கள். விரல் கீழே இறங்கியது.

செண்பகம் நிமிர்ந்து நின்றாள்.

கதையில் மாடிப்படிப் பெண்மணி ஓட ஆரம்பித்துவிட்டாள். விளம்பரக்காரரின் கை தட்டை நோக்கி நீண்டது. அந்தத் தட்டை அவர் எடுத்துவிட்டால் செண்பகத்தைக் கொடுத்தது தைலம் என்றாகிவிடும். பிள்ளை எழுந்தார். புறவாசலுக்குப் போனார். கிணற்றில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. மூன்று முறை தண்ணீர் கொட்டிய சத்தம் கேட்டது. அவர் கட்டிய வேட்டியோடு, உச்சி முதல் கால் வரை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

“எங்க அண்ணன நான் தலைமுழுகிட்டேன்,” என்றார். “இந்த நிமிஷத்துலேருந்து அவரு எங்களுக்குச் செத்தவரு.”

“இன்றே அழை...” என்ற இடத்தில் விளம்பரக்காரர் நின்றார். தட்டின் விளிம்பைத் தொட்டிருந்த கையை எடுத்தார். ஜமுக்காளத்தில் தெற்கே தலைவைத்துப் படுத்தார். இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். அதையும் அவர் திருத்தமாகவே செய்தார்.

பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மணி பத்து பத்து. அவர் மறுபடி மூத்தவர்.

“நான் வாசிக்கேன். எல்லாரும் உக்காருங்க.”

ஆவுடையப்ப பிள்ளை எழுந்தார். பின்னால் பத்துப் பேரும் எழுந்தார்கள்.

“அண்ணாச்சி, இது செத்த வீடு. பதினாறு நாள் தீட்டு. இங்க நாங்க பச்சத் தண்ணி குடிக்கப்படாது.”

“அது தைலம்யா.”

“தைலத்தத் தேச்சுல்லா முழுகுவாங்க. தைலத்தையே தலைமுழுகுனவர இன்னைக்குத்தான் பாக்கேன். அண்ணன்னு சொன்னது நீங்க. செத்தாருன்னு சொன்னதும் நீங்க.”

பிள்ளை வாயைத் திறந்தார். தான் சொன்ன சொல்லைத் தானே மறுப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. மூடிக்கொண்டார்.

“மாமா,” என்றாள் செண்பகம். “பதினாறு நாள் கழிச்சு வேற நாள் பாப்பீங்களா?”

“மார்கழி பொறந்துருமேம்மா. தை வாரதுக்குள்ள பயலுக்குக் குரு பார்வையும் போயிரும்.”

“தட்டு மாத்திட்டா நான் எந்த வீட்டுப் பொண்ணு?”

“எங்க வீட்டுப் பொண்ணு.”

“உங்க வீட்டுக்குத் தீட்டு உண்டா?”

“எங்களுக்கு எதுக்கு?”

“அப்ப தெருவுக்கு வாங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு.”

அவள் குனிந்து தட்டை எடுத்தாள். வெற்றிலை சரியாமல் எடுத்தாள்.

“தட்ட யாரு மாத்துவா?” என்றார் பிள்ளை. “மூத்தவன் நான் இங்கன நிக்கேன்.”

“நீங்க தீட்டுல்லாப்பா,” என்றாள் செண்பகம். அதில் கோபம் இல்லை. வங்கியில், கவுண்ட்டர் மூடியாகிவிட்டது என்று சொல்லும் குரல் அது. வாசற்படியைத் தாண்டினாள். பதினொரு பேரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள்.

சிதம்பரவடிவு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“நான் தூர நின்னு பாத்துட்டு வந்திருதேன்,” என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

வீட்டில் சத்தமே இல்லை. பிள்ளையின் வேட்டியிலிருந்து ஜமுக்காளத்தில் தண்ணீர் சொட்டியது. அவர் நடுவில் போய் உட்கார்ந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜமுக்காளத்தில் கிடந்த பத்திரிகைக் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். தொண்டையைச் செருமினார்.

“நிகழும் மங்களகரமான ஆண்டு கார்த்திகை மாதம், அம்பாசமுத்திரம் குற்றாலலிங்கம் பிள்ளை அவர்களின் கொள்ளுப்பேத்தியும், சிவசைலம் பிள்ளை அவர்களின் பேத்தியும், பிறவிப்பெருமாள் பிள்ளையின் குமாரத்தியுமான சௌபாக்கியவதி செண்பகத்தை...”

நல்ல குரல். ஓர் எழுத்து பிசகவில்லை. கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் யாரும் வரவில்லை.

தெருவில், வேனுக்குப் பக்கத்தில், பெண்கள் குலவையிட்டார்கள். அது ஓயும்வரை பிள்ளை காத்திருந்தார். ஓய்ந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கடைசி வரி வரை வாசித்தார். படுத்திருந்தவர் ஒரு சொல் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

பிள்ளை காகிதத்தை நான்காக மடித்து மடியில் வைத்தார். பிறகு, வீட்டுக்கு மூத்தவர் என்ற முறையில், தட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

தட்டு தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் கையை நீட்டியபடியே இருந்தார்.