நண்டுத் தொட்டியின் எண்

லவ்டே ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பன்னிரண்டு பக்கச் சான்றிதழ், மறு கையில் ரப்பர் முத்திரை. பின்னாலேயே முழங்கால் உயர பூட்ஸ் தடதடக்க கால்நடை டாக்டர் நூரியா.

மணி பத்து நாற்பது. பதினொன்றுக்கு லாரி நகர்ந்தால்தான் பிளிமத்தில் பிரான்ஸ் கப்பலைப் பிடிக்கலாம். தவறினால், இரண்டு டன் உயிர் நண்டு செத்த நண்டு. பிரான்ஸின் ரோஸ்காஃபில் வாங்குகிற கெர்வெல்லா நேற்றே போனில் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் வரலேன்னா, நான் அயர்லாந்துக்காரங்ககிட்ட வாங்கிக்கறேன் மேடம்."

அவரை விட்டால் வேறு கதியில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் கடலில் சிலந்தி நண்டு கொட்டிக் கிடக்கிறது, கார்ன்வாலில் எவனும் அதைச் சீண்டுவதில்லை.

முன்பெல்லாம் துண்டுச் சீட்டோடு போன நண்டுதான். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் பிரிந்த பிறகு, அது நல்ல நண்டு என்று டாக்டர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். இன்று ஏழு பக்கம் மளமளவென்று முடிந்தது. எட்டாவதில் பேனா நின்றுவிட்டது. நண்டை உயிரோடு வைத்திருந்த தொட்டியின் எண். லவ்டேயின் கணவன் டென்சில் எழுதிக் கொடுத்தது 38. டாக்டரின் பதிவேட்டில் 88. நேரில் பார்க்காமல் முத்திரை கிடையாது.

படகுத்துறையில் தொட்டியை ஒட்டி டென்சில் நின்றான். நண்டு ஏற்றிய லாரியில் சாய்ந்து டிரைவர் பாஸ்கோ இறைச்சி அடைத்த பேஸ்டி தின்றுகொண்டிருந்தான்.

"எண் எனக்கு மனப்பாடம் டாக்டர்," என்றான் டென்சில்.

"உங்க மனப்பாடம் பிரான்ஸ்ல செல்லாதே சார்."

எண் தகடு பெயிண்டுக்கு அடியில் இருந்தது. பிரிவதற்கான வாக்கெடுப்பில் ஜெயித்த வாரமே டென்சில் தொட்டியைத் தேசியக் கொடியாக்கிவிட்டான். மூன்று கோட்டிங். பிரசாரத்தில் இதே தொட்டிமேல் ஏறி நின்றுதான் முழங்கினான்: "பிரஸ்ஸல்ஸ்ல இருக்கற ஒன்றியம் எனக்கு ஒரு மீன்முள் கூடக் குடுத்ததில்ல. இந்தத் தொட்டி என் வேர்வை." துறையே கைதட்டியது. லவ்டேயும்தான்.

"கடல் பூரா நம்மளோடது ஆகும்னீங்களே தலைவரே," என்றான் பாஸ்கோ, வாய் நிறைய. "ஆச்சு. நண்டைத் திங்கத்தான் ஆளைக் காணோம்."

"பொறுடா. நல்லது மெதுவாத்தான் வரும்."

"எங்கப்பாவும் பல்வலிக்கு இப்படித்தான் பொறுத்தாரு. கடைசில பல்லே இல்ல."

"எனக்கு நல்லது சீக்கிரமே வந்துடுச்சு," என்றாள் நூரியா. "கசாப்புக்கூடத்துல வெறைச்சுப்போய் நின்னுட்டிருந்தேன். உங்க ஓட்டுப் புண்ணியத்துல, முத்திரை குத்தியே வீடு வாங்கிட்டேன். ஸ்பெயின்ல எங்கம்மா உங்களுக்காக மெழுகுவத்தி ஏத்தறாங்க சார்."

பாஸ்கோவுக்குப் புரையேறியது.

லவ்டே கத்தியை எடுத்தாள். டென்சில் குறுக்கே வந்தான். "வேணாம் லவ்டே. கொடியைச் சுரண்டக் கூடாது."

"லாரிக்குள்ள நண்டு சாகுது. தள்ளு."

"பதிவேட்டுலதான் தப்பு. நான் சொல்றேன்ல?"

பன்னிரண்டடி அலையில் பைப் புகைத்துக்கொண்டு படகோட்டிய மனிதன். உதடு வெளுத்திருந்தது. ஒரு பெயிண்டுக்கா இவ்வளவு? அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுச் சுரண்டினாள். சிவப்பு உதிர்ந்தது. ஒரு எட்டு. பக்கத்தில் இன்னொரு எட்டு.

நூரியா லாரியின் மட்கார்டில் காகிதத்தை வைத்து 38-ஐ அடித்துத் திருத்தினாள். மீதி ஐந்து பக்கத்திலும் கையெழுத்து, முத்திரை. டொப், டொப், டொப். மணி பத்து ஐம்பத்தெட்டு. பாஸ்கோ ஒரு காலை லாரிப் படியில் வைத்தான்.

"எண்தான் வந்துருச்சே," என்றான் டென்சில். "போதும், நிறுத்திடும்மா."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவன் கெஞ்சி லவ்டே கேட்டதில்லை. அதனாலேயே அவள் நிறுத்தவில்லை.

எண்ணுக்குக் கீழே நீலம் தெரிந்தது. கொடியின் நீலமல்ல, வேறு நீலம். அதில் வட்டமாகப் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரம். அதற்கும் கீழே பொறித்திருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் துடைத்தாள். பாஸ்கோ படியிலிருந்து எட்டிப் பார்த்து, பள்ளிக்கூடப் பையன்போல உரக்க வாசித்தான்:

"இந்தத் தொட்டி ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியத்தில் வாங்கப்பட்டது. விண்ணப்பித்துப் பெற்றவர், டென்சில் நான்கிவல்."