நீல எழுத்து

அலுவலகத்தில் அவனுக்குக் கொக்கி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சம்பளச் சீட்டில் மட்டுமே பார்க்கலாம். உலகத்தில் ஆயிரம் பிழைப்பு உண்டு. இவன் பிழைப்பு கட்டுரைக்கு நடுவே கொக்கி மாட்டுவது. போனில் எதையோ படித்துக்கொண்டே போகிறீர்கள், நடுவில் நாலு சொல் நீலமாக இருக்கிறது, தட்டினால் வேறொரு பக்கத்தில் போய் விழுகிறீர்களே, அந்த நீலத்தை வைக்கிற புண்ணியவான் இவன்தான்.

அதில் என்ன சூட்சுமம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

"பக்கத்தோட அடியில லிங்க்கை அள்ளிக் கொட்டினா அது குப்பை. நல்ல கட்டுரைக்கு நடுவுல, வாக்கியத்தோட வாக்கியமா உக்காந்திருக்கணும். நாலு பேர் மதிக்கிற மனுஷன் ஒரு கடையைக் கை காட்டினா நாம போறோமில்ல? தேடுபொறியும் அப்படித்தான். அந்தக் கடையை மேல தூக்கிவிடும்."

அப்போது அவன் தூக்கிவிட வேண்டியிருந்தது ஒரு மூலிகைப் பொடிக்காரரின் பக்கத்தை. மதிக்கிற மனுஷனுக்குப் பஞ்சமில்லை. அலுவலகமே ஒரு மருத்துவத் தளம் நடத்தி வந்தது, டாக்டர்கள் பார்த்துச் சரிசொன்ன கட்டுரைகள். அதிலொன்றில் ஒரு வாக்கியம் கிடைத்தது: 'ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.' முதல் மூன்று சொல்லும் ஜனங்கள் ஓயாமல் தேடுகிற சொற்கள். கொக்கி அவற்றை மட்டும் நீலமாக்கிப் பொடிக்காரரின் பக்கத்தில் மாட்டினான். கடைசிச் சொல்லைக் கறுப்பாகவே விட்டுவிட்டான்.

"ஆபத்துன்னு எவன் தேடப் போறான்?" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரித்தான்.

பொடிக்காரரின் பக்கத்தை அவன் படிக்கவில்லை. முகவரியும் தலைப்பும் போதும். அந்தத் தொழிலில் யாரும் மறுமுனையைப் படிப்பதில்லை. அங்கே மாடு நிற்கிறதா முதலை கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைய வேலை முடியாது. நோகாமல் நுங்கு தின்கிற கூட்டம், வேறென்ன சொல்ல!

அந்தப் பக்கம் முதலிடத்துக்கு வந்த காலையில் மேனேஜர் அவன் முதுகில் தட்டினார். அந்தக் கை முதுகில் இருக்கும்போதே போன் அடித்தது. அக்கா வீட்டுக்காரர்.

"மாப்ள, அக்கா தையல் மிஷின் மேலயே சாஞ்சிட்டா. வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்கு வா, சீக்கிரம்."

அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியதும், துணி தைத்தே அவனைப் படிக்க வைத்ததும் அந்த அக்காதான். எப்படி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது.

டாக்டரம்மா வெளியே வந்தார். "மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. உயிருக்கு இப்போதைக்குப் பயமில்ல. வலது கை மறுபடி வேலை செய்யுமான்னு இப்ப சொல்ல முடியாது. நல்லா சாப்பிட்டுக்கிட்டிருந்த பிரஷர் மாத்திரையை எதுக்கு நிறுத்தினாங்க?"

"நிறுத்தினாளா?" என்றான் கொக்கி.

மாமா அக்காவின் போனைத் திறந்து நீட்டினார். பொடிக்காரரின் பக்கம். கொக்கி அதை அன்றுதான் முதன்முதலாகப் படித்தான். 'மாத்திரைதான் உங்கள் எதிரி. இன்றே தூக்கி எறியுங்கள். காலையும் மாலையும் ஒரு கரண்டி பொடி போதும்.' அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் போகிற அம்புக்குறியைத் தொட்டான். வந்து நின்றது அவன் கொக்கி மாட்டிய கட்டுரை. மூன்று சொல் நீலம், ஒரு சொல் கறுப்பு.

"இதை எதுக்கு மாமா நம்பினா?" என்று கேட்டான்.

"நானும் டாக்டரைக் கேளுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'இது என் தம்பி வச்ச எழுத்து, அவன் அனுப்பினது, தப்பாவா இருக்கும்'னு என் வாயை அடைச்சுட்டா."

அனுப்பியது உண்மைதான். 'அக்கா, இதுல நீலமா இருக்கறது என் வேலை' என்று பெருமை பீற்றி அனுப்பியிருந்தான். பாவி. நடைபாதைச் சுவரில் சாய்ந்தபடியே தன் போனிலிருந்து தளத்துக்குள் நுழைந்து அந்த லிங்க்கை எடுத்தான். வைத்ததைவிட எடுப்பது சுலபமாக இருந்தது. அந்தக் கட்டுரையில் நாலு சொல்லும் கறுப்பாயின. மேனேஜர் கூப்பிட்டார். அவன் எடுக்கவில்லை.

உள்ளே விட்டார்கள். அக்காவின் வலது கை யாரோ வைத்துவிட்டுப் போன பொருளாகப் படுக்கையில் கிடந்தது. அந்தக் கையைப் பார்க்க முடியாமல் அவன் கால்மாட்டில் நின்றான். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். அதற்குள் அவள் குழறினாள்.

"போனு... போனக் குடு."

"இப்ப எதுக்குடி போனு?" என்றார் மாமா. பிறகு அவனிடம், "தினமும் விடிஞ்சதும் உன் நீல எழுத்தைத் தட்டிட்டுதான் மிஷின்ல உக்காருவா. நாலு பேர் தட்டினா தம்பி வேலையில மேல வருவான்னு நினைப்பு. தட்டித் தட்டித்தான் அந்தப் பக்கத்தையே மனப்பாடம் பண்ணிட்டா."

அக்கா இடது கையால் போனை வாங்கி, கட்டைவிரலால் தடுமாறித் தடுமாறி அந்தக் கட்டுரையைத் திறந்தாள். மேலும் கீழும் தேடினாள். கோணிய முகம் இன்னும் கோணியது.

"நீலத்தக் காணோமேடா."

"நான்தான்க்கா எடுத்துட்டேன்."

அவள் பதறிப் போய் அவனைப் பார்த்தாள்.

"ஏன்டா? நான் தட்டினது பத்தலையா?"